பங்காளி போட்ட பசை

பல் வலிக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்வதில்லை என்று லட்சுமணசாமி முடிவெடுத்தார். உயிரே போனாலும் சொல்வதில்லை. போகிற உயிரும் பல்லால்தான் போனது என்று அவளுக்குத் தெரியாதபடி போக வேண்டும்.

வேறு பல்லாக இருந்தால் சொல்லியிருப்பார். தலைவலி, முதுகுப் பிடிப்பு, வாயு எல்லாவற்றையும் சாந்தாமணியிடம்தான் சொல்வார். அவளும் எல்லாவற்றுக்கும் "கம்முனு படுங்க" என்கிற ஒரே மருந்தைத்தான் கல்யாணமான நாளிலிருந்து கொடுத்து வருகிறாள். ஆனால் இது இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல். பங்காளி தம்பிதுரையின் மகன் மனோஜ்குமார் ரூட் கெனால் செய்து கேப் மாட்டிய பல்.

அதைச் செய்துகொள்ளப் போன சமயத்தில் சாந்தாமணி தடுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற அண்ணன் மக லோகப்பிரியா பல் டாக்டருக்குப் படிச்சுப்போட்டு வந்திருக்கறா. அவகிட்டக் காட்டலாமுங்களே."

"உன்ற அண்ணன் ஊட்டு ஆளுக கையில குடுக்கறதுக்கு, அந்தப் பல்லைப் புடுங்கி ஆத்துல போட்டுருவேன்."

"எந்த ஆத்துலீங்க? நொய்யல்லயா? அதுல ஏற்கெனவே என்னென்னமோ கெடக்குது."

அவர் மனோஜ்குமாரிடமே போனார். மனோஜ்குமார் ஒரே மூச்சில், நடுநடுவே போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தபடி, வேலையை முடித்தான். அதன்பிறகு கல்யாணம், சீர், எழவு என்று எங்கே போனாலும் லட்சுமணசாமி கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டுவார். "நம்ம பங்காளி பையன் வேலை. அசையுதான்னு பாருங்க." எழவு வீட்டில்கூட சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

இதற்கும் அவர் வீட்டு முன்னறைக்கும் சம்பந்தம் உண்டு.

சூலூரில் திருச்சி ரோட்டைப் பார்த்தபடி அவர் வீட்டு முன்னால் ஷட்டர் போட்ட ஓர் அறை இருந்தது. லட்சுமணசாமி பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். செத்த மோட்டார்களெல்லாம் கடையிலிருந்து இந்த அறைக்கு வந்து அடக்கமாகும். லோகப்பிரியா கிளினிக் வைக்க அந்த அறையைத் தரவேண்டும் என்று சாந்தாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். லட்சுமணசாமிக்கு வேறு கனவு. குலக்கோயில் கமிட்டிக்குத் தம்பிதுரை தலைவர், இவர் செயலாளர். அந்த அறை கமிட்டி ஆபீசாக வேண்டும். ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, மேசைமேல் தன் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. எதிரே ஆட்கள் நின்று "செயலாளருங்க" என்று கூப்பிட வேண்டும். இவர் சித்த நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

அவள் அறையைக் கேட்கும்போதெல்லாம் அவர் பல்லைத்தான் காட்டுவார். "பாத்தியா வேலையை? இந்தக் கை உன்ற அண்ணன் மகளுக்கு வருமா? வந்தா ரூம் தாரேன்." சாந்தாமணி அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். பல் இருக்கிற வரைக்கும் அறை இருக்கும். அப்படிப்பட்ட பல்தான் இப்போது ராத்திரியெல்லாம் சம்மட்டி போட்டது.

உக்கடம் குளத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தார். சூலூர் ஆட்கள் அங்கே வரமாட்டார்கள். வீட்டில், செம்புக் கம்பி வாங்க உக்கடம் போவதாகச் சொன்னார். அங்கே வேர் வைத்தியத்துக்கென்றே படித்த பிராங்க் என்கிற டாக்டர் வருவார். போத்தனூர்க்காரர். சொந்தமாகக் கிளினிக் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு கிளினிக்குக்குப் போகிறவர். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருங்க சார் இதைப் பண்ணினது?"

"ஆரோ ஒரு பையனுங்க. ரயில்ல பாத்தேன்."

"ரயில்லயா பண்ணினாரு?"

"பழக்கமானது ரயில்லன்னு சொல்ல வந்தனுங்க."

பிராங்க் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்னொரு டாக்டரின் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர். எக்ஸ்ரேயையே இன்னொருமுறை பார்த்தார். அது கருத்துச் சொல்வதைவிட மோசமாக இருந்தது.

"வேருக்குள்ள ரப்பர் குச்சி மாதிரி ஒண்ணு வெச்சு அடைப்போம். அது சுவர்ல ஒட்டிக்க ஒரு பசை. சீலர்னு சொல்லுவோம். இப்ப ரெண்டையும் எடுத்துட்டு, சுத்தம் பண்ணி, புதுசா அடைக்கணும்."

"பசை இருந்துட்டுப் போகட்டுமுங்களே. அது ஆரை என்ன பண்ணுது?"

"அதுக்கு அடியிலதான் சார் சீழ் உக்காந்திருக்கு."

லட்சுமணசாமிக்கு விஷயம் பிடிபட்டது. "மோட்டார்லயும் அதேதானுங்க. எரிஞ்ச காயிலை உருவிரலாம். அந்த வார்னிஷ் இருக்குது பாருங்க, தட்டித் தட்டிச் சொரண்டோணும். அது இருக்கறப்பவே புதுக் காயில் கட்டுனமுன்னா மறுக்கா எரியும். இப்பிடித்தான் நம்ம கரவளி மாதப்பூர்ல ஒரு தோட்டத்துல..."

"வாயைத் திறங்க சார்."

ஊசி இறங்கியது. வாய்க்கு மேல் பச்சை ரப்பர் விரிப்பு ஏறியது. கேப்பைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டார்கள். அரை உதடு தனக்குச் சொந்தமில்லாமல் போனதை லட்சுமணசாமி உணர்ந்தார். பிராங்க் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு குடையத் தொடங்கினார்.

"ரப்பர் வருது... வந்துருச்சு. பசைதான் வரலை."

மறுபடி குடைந்தார்.

"நல்லா பிடிச்சிருக்கு. ரொம்ப நல்ல பசை இது. வேலைதான்..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாதியில் நின்ற வாக்கியம் லட்சுமணசாமியின் காதில் ஏறவே இல்லை. ரொம்ப நல்ல பசை! மரத்த உதட்டுக்குள் சிரித்தார். பங்காளி போட்ட பசை லேசில் வருமா? தன் பல்லைக் காப்பாற்ற வந்த கருவிக்கு எதிராக, அவர் மனதார, பசையின் பக்கம் நின்றார். கருவி ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

"இளக்கறதுக்கு ஒரு எண்ணெய் விடறேன் சார். ஆரஞ்சுத் தோல்ல எடுக்கறது. இன்னிக்கு முடியாது. இன்னும் சில தடவை வரணும்."

வீட்டுக்குள் நுழைந்தபோது சாந்தாமணி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்பி கெடச்சுதுங்களா?"

தலையாட்டினார். வாயைத் திறந்தால் எச்சில் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது.

"என்னமோ ஆரஞ்சு மணக்குது. வாங்கினீங்களா?"

இல்லை என்று ஆட்டினார்.

"பஸ்ல பக்கத்துல ஆராச்சும் தின்னாங்களா?"

ஆமாம் என்று ஆட்டினார்.

"தின்னுபோட்டு உங்க வாய்க்குள்ளயா தோலைப் போட்டாங்க?"

எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நின்றார். சாந்தாமணி கரண்டியை வைத்துவிட்டு அருகில் வந்து பார்த்தாள்.

"மூஞ்சி ஒரு பக்கம் பொள்ளாச்சிக்கும் ஒரு பக்கம் பல்லடத்துக்கும் போகுது. சரி, முறுக்குத் தின்னுங்க."

அவர் முறுக்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே கேப் டப்பாவும் இருந்தது. சாந்தாமணி பையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஏனுங்க, முன்னறையில கெடக்கற செத்த மோட்டாரையெல்லாம் பின்னால கொட்டாயில தூக்கிப் போட்டுரலாமுங்களா? எலி குட்டி போடுது."

எப்படியாவது குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ள வேண்டும் என்கிற ஒரே எண்ணம்தான் அவருக்கு. வேகமாகத் தலையாட்டினார்.

மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் அறை துடைத்துவிட்டது போலிருந்தது.

"ஆரைக் கேட்டு எடுத்தே?"

"உங்களைக் கேட்டுத்தானுங்க. தலையாட்டினீங்களே."

"அது சும்மா ஆட்டினேன்."

"தாலி கட்டறப்பவும் அப்பிடித்தான் ஆட்டினீங்க. அதுக்கென்ன பண்ணலாமுங்க?"

போகட்டும் என்று விட்டார். கமிட்டி ஆபீசுக்கும் அறை காலியாகத்தானே வேண்டும். வேலையாட்களை வைக்காமல் வேலை நடந்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டார். தன்னை எதிலும் தோற்காதவராகக் காண்பித்துக்கொள்ளும் கணக்கு ஒன்று அவரிடம் எப்போதும் உண்டு.

அடுத்த தடவையும் கம்பிதான். "போன தடவை வாங்கினது பத்தலையா?" என்று அவள் கேட்டாள். கேஜ், அதாவது கம்பியின் கனம், மாறிவிட்டது என்றார். "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாக, நல்ல புருஷனாக, நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிராங்க் இந்த முறை ஊசி போன்ற ஒரு முனையை வேருக்குள் விட்டார். அது ஈ பறப்பதுபோல் அதிர்ந்தது. தண்ணீரோடு சேர்ந்து பசை துகள் துகளாக உதிர்ந்து வந்தது. எதிரே திரையில் படம் தெரிந்தது. வேரின் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"பாதி வந்துருச்சு சார்" என்றார் பிராங்க்.

லட்சுமணசாமிக்குப் பாதி உயிர் போனதுபோல் இருந்தது. மீதிப் பசை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டார்.

வீட்டு வாசலில் பிளம்பர் யூனுஸ் பைப்பை அளந்துகொண்டிருந்தார். கூடத்தில் தம்பிதுரை உட்கார்ந்திருந்தார். கையில் காபி.

"வாடா லட்சுமணா. எங்க போயிட்டு வாரே?"

உதடு மறுபடி மரத்திருந்த லட்சுமணசாமி வடக்கேயும் மேற்கேயும் கையைக் காட்டினார்.

"வாயில என்னடா?"

"வெத்தலைங்க" என்றாள் சாந்தாமணி. "இப்பத்தான் பழகியிருக்கறாரு. வாயில இருக்கறப்போ பேசமாட்டாரு."

லட்சுமணசாமி அவளை நன்றியோடு பார்த்தார். ஒன்றும் தெரியாமலே காப்பாற்றிவிட்டாள். வெள்ளந்தி.

"ஆபீசு ரூமைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் தம்பிதுரை. "அம்மணி என்னமோ வேற மாதிரி சொல்லுது."

"நான் எங்கீங்க சொன்னேன்? அன்னாடும் பொலம்பறது இவருதானுங்க. கோயில் ஆபீசு கோயில்லதான் இருக்கோணுமாம். இவரு ஊட்டு முன்னால வெச்சா, கோயிலையே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டான்னு ஊருல பேசுவாங்களாம். தலைவருக்குத்தான் கெட்ட பேராம். உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தூக்கமில்லாம கெடக்கறாரு. பாருங்க, மூஞ்சியே ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு."

லட்சுமணசாமி ஓர் அடி முன்னால் வந்தார். இப்போது பேசியே ஆக வேண்டும். மேசை போகிறது, சுழல் நாற்காலி போகிறது, பித்தளைப் பலகை போகிறது.

"அது கெடக்குது" என்றார் தம்பிதுரை. "மனோஜ் கட்டுன பல்லு எப்பிடி இருக்குது? எங்க, காட்டு. நானும் பாத்து நாளாச்சு."

முன்னால் வைத்த அடியை லட்சுமணசாமி பின்னால் எடுத்தார். வாய்க்குள் கேப் இல்லை. பங்காளி வேலை இருந்த இடத்தில் ஒரு தற்காலிக அடைப்பு மட்டும் இருந்தது. ஊரெல்லாம் காட்டிய பல்லை, அதைக் கட்டியவனின் அப்பனிடம் காட்ட முடியாது.

"வெத்தலையைத் துப்பிப்போட்டு வந்து காட்டுவாரு இருங்க" என்றாள் சாந்தாமணி. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "துப்பறீங்களா? இல்லீன்னா, ஆபீசு கோயில்லயே இருக்கட்டும்னு முடிச்சரலாமுங்களா?"

வாசலில் யூனுஸ் பைப்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

லட்சுமணசாமி தலையாட்டினார்.

"பெரிய மனசுடா உனக்கு" என்றார் தம்பிதுரை. கண் கலங்கியிருந்தது. "உன்ற எடத்துல நானா இருந்தா ரூமைக் குடுத்துப்போட்டுத் தலைவராவே ஆயிருப்பேன்."

தம்பிதுரை போய், உதடு திரும்பி வந்து, பேச்சு வந்ததும் லட்சுமணசாமி குதித்தார்.

"அவரு முன்னால என்னை ஏன்டி இப்பிடி..."

"வெத்தலையைத் துப்பிப்போட்டுப் பேசியிருக்கலாமுங்களே."

"ஏது வெத்தலை?"

"அப்ப வாயில என்ன இருந்துச்சுங்க?"

அவர் கடைசிக் கோட்டையில் ஏறி நின்றார். "கமிட்டிக்கு இல்லாட்டிப் போகுது. உன்ற அண்ணன் மகளுக்கு மட்டும் அந்த ரூம் கெடையாது. சொல்லிப்போட்டேன்."

"அவளுக்கு ஆருங்க குடுக்கறா? பியூட்டி பார்லர் வெக்கறதுக்கு ஒரு புள்ள கேட்டிருக்குது. தண்ணி லைன் வேணுமாம். அதுக்குத்தான் யூனுஸ் பாய் வந்தாரு."

லட்சுமணசாமிக்கு மூச்சு வந்தது. பார்லர் என்றால் பரவாயில்லை. மச்சான் வீடு தோற்றது, அது போதும். அடுத்த நாட்களில் அறைக்குள் டைல்ஸ் ஏறியது, குளிர் சாதனம் ஏறியது. பெரிய வெளிச்சம் தரும் விளக்கு வந்தது. பிளாஸ்டிக் சுற்றிய நாற்காலி ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. சாய்கிற நாற்காலி. "முடி வெட்டறதுக்கே இத்தனை சவுரியமா!" என்று அவரே ஒரு கை பிடித்து உள்ளே தள்ளினார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "மச்சான் மக எத்தனையோ கேட்டுப் பாத்துது. மொகத்துக்கு நேரா இல்லீன்னு சொல்லிப்போட்டேன்."

கடைசியில் பசையும் தோற்றது. பிராங்க் திரையைத் திருப்பிக் காட்டினார். சுவர் வெறுமையாக இருந்தது.

"எல்லாமே வந்துருச்சுங்களா? ஒரு பொட்டுக்கூட இல்லீங்களா?"

"உண்மையைச் சொன்னா, முழுசா எடுக்கறது யாராலயும் முடியாது சார். கண்ணுக்குத் தெரியாம ஒரு துளி எங்கயாவது ஒட்டியிருக்கும். ஆனா அது தொந்தரவு பண்ணாது."

அந்த ஒரு துளிக்காக லட்சுமணசாமி நெகிழ்ந்தார். பங்காளி பங்காளிதான்.

"உள்ள மருந்து வெச்சிருக்கேன். அடுத்த தடவை புதுசா அடைச்சு மூடிரலாம். நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம். சூலூர்லயே ஒரு புதுக் கிளினிக் திறக்கறாங்க. நானும் அங்க வரப்போறேன். லொகேஷன் அனுப்பறேன்."

"சூலூர்லீங்களா? ஆராச்சும் பாத்துப்போடுவாங்களே!"

"பார்த்தா என்ன சார்? பல்தானே?"

விவரம் தெரியாத மனிதர் என்று லட்சுமணசாமி நினைத்துக்கொண்டார். ஆனால் பாதியில் விட்டால் மறுபடி வலிக்கும் என்றார் பிராங்க். வேறு வழியில்லை. அன்று கடையிலிருந்து கிளம்பும்போது ஹெல்மெட் போட்டு, கண்ணாடியை இறக்கி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டார். பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. சட்டைப் பைக்குள்ளிருந்து போன் வழி சொல்லிக்கொண்டே வந்தது. நேராகப் போகச் சொன்னது. இடதுபக்கம் ஒதுங்கச் சொன்னது. சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்றது.

ஸ்கூட்டர் அவர் வீட்டு வாசலில் நின்றது.

போன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு வாழை மரங்களைப் பார்த்தார். தூக்கிய ஷட்டரைப் பார்த்தார். மேலே, விளக்குப் போட்ட பலகையைப் பார்த்தார். லோகப்பிரியா பல் மருத்துவமனை. உள்ளே அவர் கைபிடித்துத் தள்ளிய நாற்காலி பிளாஸ்டிக் உரிந்து பளபளத்தது. வாசலில் சொந்தபந்தம், உறம்பரை முழுவதும் நின்றிருந்தது. ரிப்பன் வெட்டிய கத்தரியோடு தம்பிதுரை. பக்கத்தில் பையோடு பிராங்க்.

அடையாளம் தெரியாத ஆளிடம் சாந்தாமணி நேராக வந்தாள்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க. மொத பேசன்டு நீங்கதான்."

"பார்லர்னு சொன்னே?" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"கம்பின்னு சொன்னீங்க."

லட்சுமணசாமி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. கம்பிக்கு எங்காச்சும் ஆரஞ்சு மணக்குமுங்களா? லோகப்பிரியாகிட்டப் போன்ல கேட்டேன். பழைய பசையைக் கரைக்கற எண்ணெய் அத்தைன்னா. நல்ல வைத்தியம், எந்த டாக்டரா இருந்தாலும் கடைசி வரைக்கும் போகட்டும், நடுவுல கேட்டு நிறுத்திப்போடாதீங்கன்னா. அதான் கேக்கலை. அவ இங்க வரச் சொன்ன வேர் டாக்டருதான் உங்க டாக்டருன்னு பொறகுதான் தெரிஞ்சுது." அவள் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தாள். "உங்க பங்காளி மச்சாண்டாருகிட்ட இன்னும் சொல்லலை. சொல்லட்டுமுங்களா?"

சொல்ல வேண்டாம் என்று அவர் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் ஆட்டிவிட்டோம் என்று தெரிந்தது.

"பாருங்கப்பா!" என்று தம்பிதுரை கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "மாமன் மச்சானுக்கு ரூமையும் குடுத்து, மொத ஆளா வந்து உக்கார்றவனும் இவந்தான். நம்ம பங்காளி!"

எல்லோரும் கை தட்டினார்கள். லோகப்பிரியா வந்து, "வாங்க மாமா" என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பிராங்க் கையுறையை மாட்டத் தொடங்கினார். நாற்காலி மெல்ல மேலே எழும்பியது. உட்கார்ந்த இடத்திலிருந்து கூட்டம் முழுவதும் தெரிந்தது. மேடை ஏறியதுபோல் இருந்தது. லட்சுமணசாமிக்குத் திடீரென்று தைரியம் வந்தது. இன்றைக்கு வாயில் வெற்றிலை இல்லை. உதடு இரண்டு பக்கமும் தன்னுடையதாகத்தான் இருந்தது. பல் போனால் போகட்டும், பங்காளி கோபித்தால் கோபிக்கட்டும். இந்த அறையை நான் கொடுக்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை என்று ஊரறியச் சொல்லிவிடுவது. முடிவெடுத்தார். பேசுவதற்காக வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் அகலமா, மாமா" என்று லோகப்பிரியா ஊசியைப் போட்டாள்.